ஒன்டாரியோவில் இரண்டு சென்டிமீட்டர், சென்னையில் ஆறு ஏரி



இந்த வார எபிசோட்ல சாட்டிலைட் டேட்டா பத்திப் பேசும்போது போகிற போக்கில் ஒரு வரி சொன்னேன். சென்னைக்குக் குடிதண்ணி தர்ற ஆறு ஏரியும் முழுசா நிரம்பினாலும், அந்தத் தண்ணி மொத்தமும் ஒன்டாரியோ ஏரியில ரெண்டு சென்டிமீட்டர் உயரம்தான் வரும். ரெக்கார்டிங் முடிஞ்சதும் கூட இருந்த நண்பன், "சும்மா அடிச்சு விடாதடா"ன்னான். மைக் முன்னாடி கணக்குப் போட்டுக் காட்டினா யாரும் கேக்க மாட்டீங்க. அதனால அந்தக் கணக்கு இங்கே. பெருக்கல், வகுத்தல் தாண்டி எதுவும் வராது, பயப்படாதீங்க.

முதல்ல ஆறு பேரையும் அறிமுகப்படுத்திடறேன். செம்பரம்பாக்கம் 3,645. புழல் 3,300. பூண்டி 3,231. வீராணம் 1,465. சோழவரம் 1,081. கடைசியா 2020ல் திறந்த கண்ணன்கோட்டை தேர்வாய் கண்டிகை, 500. எல்லாம் முழுக் கொள்ளளவு. அலகு, மில்லியன் கன அடி. இதில் வீராணம் மட்டும் சென்னைப் பக்கமே இல்லை. கடலூர் மாவட்டத்தில் இருக்கிற சோழர் காலத்து ஏரி அது. 2004லிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் குழாய் வழியாகத் தண்ணி சென்னைக்கு வருது.

கூட்டினால் 13,222 மில்லியன் கன அடி. ஆயிரம் மில்லியன் கன அடிக்குத்தான் ஒரு டி.எம்.சி.ன்னு பேரு. காவிரிச் செய்தி ஓடும்போது அப்பா டிவியைப் பாத்துக் கத்துவாரே, அதே டி.எம்.சி. ஆக, சென்னையின் மொத்தச் சேமிப்பு 13.222 டி.எம்.சி. அடியை மீட்டராக்கினால் சுமார் 0.374 கன கிலோமீட்டர். ஒன்டாரியோ ஏரியின் பரப்பு சுமார் 18,960 சதுர கிலோமீட்டர். வகுத்துப் பாருங்க. ரெண்டு சென்டிமீட்டர்கூட முழுசா வராது, ஒரு மயிரிழை குறையும். டொராண்டோ கரையில் பலமா ஒரு காத்தடிச்சா மட்டம் அதைவிட அதிகமா ஏறி இறங்கும்.

நண்பன் கேஸ் முடிஞ்சது. ஆனா அந்தக் கணக்கைப் போடப் போய் நான் மாட்டிக்கிட்டது வேற ஒரு கேள்வியில். ஒரு ஏரியில எவ்வளவு தண்ணி இருக்குன்னு நமக்கு எப்படித் தெரியும்?

கண்ணு பாக்கறது பரப்பை மட்டும்தான். மேப்புல எது பெருசா நீலமா இருக்கோ அதுல தண்ணி அதிகம்னு மூளை முடிவு பண்ணிடும். இங்க நம்ம வாசல்லயே அதுக்கு எதிர் உதாரணம் இருக்கு. ஈரி ஏரியின் பரப்பு சுமார் 25,700 சதுர கிலோமீட்டர், ஒன்டாரியோவைவிடக் கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு கூடுதல். ஆனா ஈரியில இருக்கிற தண்ணி 484 கன கிலோமீட்டர், ஒன்டாரியோவில் 1,640. ஈரியின் சராசரி ஆழம் 19 மீட்டர், ஒன்டாரியோவுக்கு 86. மேப்புல சின்னது, தண்ணியில மூணு மடங்குக்கு மேல். (சுப்பீரியர் ஏரியை இந்த ஆட்டத்துல சேர்க்கக்கூடாது. மீதி நாலு பேரும் சேர்ந்தாலும் அதோட 12,100 கன கிலோமீட்டரை எட்ட முடியாது.)

சரி, பரப்பு ஏமாத்துது, அப்போ ஆழத்தைப் பாக்கலாமா? அதுவும் ஏமாத்தும். சென்னையைச் சுத்தி இருக்கிற அஞ்சு ஏரிகளையும் ஆழத்துல வரிசைப்படுத்தினா முதல் இடம் கண்ணன்கோட்டைக்கு, 36.61 அடி. அடுத்தது பூண்டி 35, செம்பரம்பாக்கம் 24, புழல் 21.20, சோழவரம் 18.86. ஆழத்துல முதல் ஆள், கொள்ளளவுல கடைசி ஆள். செம்பரம்பாக்கத்தோட மேல் ரெண்டு அடித் தண்ணி மட்டும் முழு கண்ணன்கோட்டையைவிடக் கொஞ்சம் அதிகம்.

இன்னொரு பொறி: மெட்ரோ வாட்டர் போடற தினசரி அட்டவணையில் பூண்டியின் முழு மட்டம் 140 அடின்னு இருக்கும். அடேங்கப்பா, 140 அடி ஆழமான்னு வாயைப் பிளக்காதீங்க. அது கடல் மட்டத்திலிருந்து உயரம். செய்தித்தாள்ல வர்ற 35 அடிதான் ஆழம். ரெண்டும் ஒரே ஏரி, ஒரே நாள்.

அலகுக் குழப்பம் இங்க மட்டும் இல்ல. நம்ம வாசகர்கள் பல பேரோட அம்மா அப்பா கிளிநொச்சி, யாழ்ப்பாணப் பக்கம். அவங்க இரணைமடுக் குளத்தைச் சொல்லும்போது ஏக்கர் அடியில் சொல்வாங்க. ஒரு ஏக்கர் நிலத்துல ஒரு அடி உயரத்துக்குத் தண்ணி நின்னா ஒரு ஏக்கர் அடி. வயலுக்குத் தண்ணி பாய்ச்சுறவங்களுக்கு அதைவிட வசதியான அலகு கிடையாது. அணைக்கட்டை உயர்த்திய பிறகு இரணைமடுவின் கொள்ளளவு சுமார் 14.8 கோடி கன மீட்டர். நம்ம அலகுக்கு மாத்தினா ஐந்து டி.எம்.சி.யைத் தாண்டுது. செம்பரம்பாக்கத்துல ஒன்றரைப் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. சென்னைக்காரங்க கொஞ்சம் அடக்கி வாசிக்கலாம்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். ஏரியில தண்ணியோட கன அளவை யாரும் நேரடியா அளக்கறதில்ல. அளக்க முடியாது. அளக்கறது ஒண்ணே ஒண்ணு, மட்டம். மதகு பக்கத்துல அடிக்கணக்கு எழுதின அளவுகோல் நிக்கும். காலையில ஒருத்தர் போய் அதைப் பாத்து எழுதுவார், அல்லது சென்சார் படிச்சு அனுப்பும். அதுக்கப்புறம் ஒரு பழைய அட்டவணையை எடுத்து, "இந்த மட்டம்னா இத்தனை மில்லியன் கன அடி"ன்னு தேடி எழுதறாங்க. மறுநாள் பேப்பர்ல வர்ற எண் இப்படிப் பிறந்ததுதான்.

அந்த அட்டவணை ஏன் வேணும்? ஏன்னா ஏரி டம்ளர் இல்ல, வாணலி. டம்ளர்ல பாதி உயரம்னா பாதித் தண்ணி. வாணலியில பாதி உயரத்துக்கு எண்ணெய் ஊத்திப் பாருங்க, ஏறக்குறைய நாலுல ஒரு பங்குதான் இருக்கும். மேட்டூர் அணை இதுக்கு அச்சு அசலான உதாரணம். முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. 60 அடியில் எவ்வளவு இருக்கும்? சுமார் 25 டி.எம்.சி. "மேட்டூர் 100 அடியை எட்டியது"ன்னு தலைப்புச் செய்தி வரும்போது, உயரத்துல 83 சதவீதம் ஆயிடுச்சேன்னு தோணும். தண்ணியில அது சுமார் 65 டி.எம்.சி., எழுபது சதவீதத்தைத் தொட்டும் தொடாமலும். கடைசி இருபது அடியில மட்டும் 28 டி.எம்.சி. இருக்கு. சென்னையின் ஆறு ஏரியையும் ரெண்டு தடவை நிரப்பலாம்.

இந்த எண்களோட வாழறவங்க யாருன்னா, என் அத்தை மாதிரி ஆளுங்க. கொளத்தூர்ல இருக்காங்க. புழல் ஏரி அங்கேயிருந்து பக்கம். பொறியியலும் தெரியாது, ஹைட்ராலஜியும் தெரியாது. ஆனா மார்ச் மாசம் பேப்பர்ல புழல் இருப்பைப் பாத்து, "மே வரைக்கும் தாங்கும், அப்புறம் லாரிக்குப் பதிவு பண்ணிடணும்"னு சொல்வாங்க. அவங்க கையில இருக்கிற சூத்திரம் ரொம்ப எளிமை: சென்னைக்கு ஒரு மாசத்துக்கு ஒரு டி.எம்.சி. சரிபாத்தேன். ஒரு டி.எம்.சி. சுமார் 2,832 கோடி லிட்டர். நாளுக்கு 100 கோடி லிட்டர் விநியோகம்னு வச்சுக்கிட்டா 28 நாள். அத்தை பாஸ்.

2019ல் அந்தச் சூத்திரத்துக்கு வேலையே இல்லாமப் போச்சு. ஜூன் மாசம் சென்னையின் நாலு பெரிய ஏரிகளோட மொத்த இருப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கிடுச்சு. விநியோகத்தை நாளுக்கு 52.5 கோடி லிட்டர் அளவுக்குக் குறைச்சாங்க. சிக்கராயபுரம் கல்குவாரிக் குட்டைகளிலிருந்து தண்ணி எடுத்தாங்க. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணி ரயில் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். மாலை போட்டு, போட்டோ எடுத்து வரவேற்றாங்க. நானும் இங்கிருந்து அந்த வீடியோவைப் பாத்து நெகிழ்ந்தவன்தான். இப்போ அதைக் கன அளவா மாத்திப் பாருங்க. ஒரு மில்லியன் கன அடிக்கு 2.83 கோடி லிட்டர். அதாவது பதினோரு ரயிலுக்கு மேல் வந்தால்தான் ஒரு மில்லியன் கன அடி. செம்பரம்பாக்கத்தை நிரப்ப 41,000 ரயில் வேணும். குறைச்சுக் கொடுத்த அன்றைய விநியோகத்துலயே ஒரு ரயில் அரை சதவீதம். ரயில் விட்டது தப்புன்னு சொல்லல, தாகத்துல இருக்கிறவனுக்கு ஒரு குடமும் பெருசுதான். ஆனா ஏரி செய்யற வேலையை ரயில் செய்யும்னு நம்பினவங்க இந்த வகுத்தலைப் போட்டுப் பாக்கல.

ஏரி தண்ணியைத் தின்னவும் செய்யும். செம்பரம்பாக்கத்தோட பரப்பு நிரம்பும்போது சுமார் 25 சதுர கிலோமீட்டர். கொள்ளளவை அதால வகுத்தா சராசரி ஆழம் நாலு மீட்டர்தான். இவ்வளவு விரிஞ்சு, இவ்வளவு ஆழமில்லாம கிடக்கிற தண்ணி மேல சித்திரை வெயில் அடிச்சா? நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகுதுன்னு வச்சுக்குங்க. 12 கோடி லிட்டருக்கு மேல் போயிடும். மீஞ்சூர் கடல்நீர் ஆலையோட முழுத் திறனே நாளுக்கு 10 கோடி லிட்டர்தான். ஒன்டாரியோவிலும் ஆவியாகும், ஆனா 86 மீட்டர் ஆழத்துக்கு முன்னாடி அது கணக்குலயே வராது.

இது வறட்சி பக்கம். வெள்ளம் பக்கம் இன்னும் பயங்கரம். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரைக்கும் திறந்து விட்டாங்க. அடையாறு ஓரம் என்ன ஆச்சுன்னு உங்க வீட்டுல யாராவது சொல்லியிருப்பாங்க. ஏன் முன்னாடியே திறக்கலைங்கிற சண்டை இன்னும் ஓயல. நான் அதுக்குத் தீர்ப்புச் சொல்ல வரல. கணக்கை மட்டும் பாருங்க. அந்த வேகத்துல ஒரு நாள் முழுக்க ஓடினா 2,500 மில்லியன் கன அடி. ஏரியோட கொள்ளளவுல மூணுல ரெண்டு பங்கு. ஏரி நிரம்பி நிக்கும்போது ஒரு அடி இடம்ங்கிறது சுமார் 270 மில்லியன் கன அடி. அதே வேகத்துல தண்ணி உள்ளே வந்தா, அந்த ஒரு அடி நிறைய ரெண்டரை மணி நேரம் போதும். அந்த அடியில நிஜமா 270 இருக்கா, 250 இருக்காங்கிறது அப்போ வெறும் புள்ளிவிவரம் இல்ல. எத்தனை மணிக்கு மதகைத் திறக்கணும், எத்தனை மணிக்கு சைதாப்பேட்டைக்கு எச்சரிக்கை போகணுங்கிற கேள்வி.

அந்த 270ஐ நீங்களே கண்டுபிடிக்கலாம், ஏன்னா இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. அட்டவணையில தினமும் மட்டமும் இருப்பும் ரெண்டும் வருது. ரெண்டு நாளோட எண்ணை எடுங்க. இருப்பு எவ்வளவு கூடிச்சோ அதை, மட்டம் எத்தனை அடி கூடிச்சோ அதால வகுங்க. வர்ற விடை என்ன தெரியுமா? மில்லியன் சதுர அடியில் ஏரியோட பரப்பு! கன அடியை அடியால வகுத்தா சதுர அடிதானே. 270 மில்லியன் சதுர அடின்னா 25 சதுர கிலோமீட்டர். அதிகாரிகள் கையில இருக்கிற அட்டவணையை நம்ம கண்ணுல காட்டாட்டியும், அவங்க தினசரி போடற எண்ணுக்குள்ளயே அது ஒளிஞ்சிருக்கு. ஒரு பருவமழைக் காலம் முழுக்க எண்களைச் சேர்த்து ஸ்ப்ரெட்ஷீட்ல போட்டீங்கன்னா வாணலியோட வடிவமே வந்துடும்.

இப்போ அதே நாள் எடுத்த சாட்டிலைட் படத்துல நிஜப் பரப்பை எண்ணிப் பாருங்க. சென்டினல் ரேடார் படங்கள் இலவசம், மேகம் இருந்தாலும் தெரியும். ரெண்டும் பொருந்தினா அட்டவணை நல்லா இருக்கு. பொருந்தலைன்னா, அட்டவணை போட்ட நாளுக்கும் இன்னைக்கும் நடுவுல ஏரியோட கரைச் சரிவு மாறியிருக்கு.

மாறத்தான் செய்யும். ஒவ்வொரு மழைக்கும் வண்டல் வருது, அடியில படியுது. வாணலியோட அடியில மாவு பிடிச்ச மாதிரி. உயரம் அதே, எண்ணெய் கம்மி. அளவுகோல் 20 அடின்னு காட்டும், பழைய அட்டவணை பழைய எண்ணையே சொல்லும், ஆனா உள்ளே இருக்கிறது அதைவிடக் குறைவு. தப்பு எப்பவும் ஒரே பக்கமாத்தான் சாயும்: இருக்கிறதைவிட அதிகமாக் காட்டும். தூர்வாரி, மறுபடி அளந்து, புது அட்டவணை போட்டாத்தான் அது நேராகும்.

சாட்டிலைட் இதைச் சரி பண்ணாதான்னு கேப்பீங்க. 2022 டிசம்பர்ல நாசாவும் பிரெஞ்சு விண்வெளி நிறுவனமும் சேர்ந்து ஏவின ஸ்வாட் ரொம்ப அருமையான கருவி. கனடாவுக்கும் அதுல பங்கு இருக்கு. 250 மீட்டருக்கு 250 மீட்டர் அளவு ஏரி வரைக்கும் மட்டத்தையும் பரப்பையும் ஒரே நேரத்துல அளக்கும், 21 நாளைக்கு ஒரு முறை அதே பாதையில வரும். ஆனா அது தருவது மாற்றம். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவுல எவ்வளவு ஏறிச்சு, எவ்வளவு இறங்கிச்சு. ரேடார் தண்ணிக்கு அடியில பாக்காது. ஐஸ்சாட்-2ன்னு ஒண்ணு பச்சை லேசர் அடிக்குது, தெளிஞ்ச தண்ணியில சில மீட்டர் உள்ளே போகும். நம்ம ஊர் ஏரித் தண்ணி டீ கலர்ல இருக்கும், அங்கே அதோட ஜம்பம் பலிக்காது.

அடித்தளத்தைத் தெரிஞ்சுக்க இன்னைக்கும் பழைய வழிதான்: ஒரு படகு, ஒரு எக்கோ சவுண்டர், ஒரு ஜி.பி.எஸ். கோடு கோடாப் போய் ஆழத்தைக் குறிக்கணும். தமிழ்நாட்டுக்கு இது புது வித்தை இல்ல; பூண்டியிலேயே அரசோட நீரியல் ஆய்வு நிலையம் ஒண்ணு இருக்கு, அணைகளோட வண்டலை அளக்கறது அவங்க வேலைகள்ல ஒண்ணு. இல்லைன்னா ஏரி வத்திப்போற வருஷம் வரைக்கும் காத்திருந்து, ட்ரோன்ல லேசர் கட்டி அளக்கலாம். 2019 அப்படி ஒரு வருஷம். அத்தை குடத்தோட லாரி பின்னாடி ஓடின அதே வாரத்துல, புழலோட அடித்தளம் வானத்துக்கு நல்லாத் தெரிஞ்சிட்டிருந்தது.

நீங்க ஸ்ப்ரெட்ஷீட் போடறதா இருந்தா கடைசியா ஒரு எச்சரிக்கை. சதவீதத்தை வருஷத்துக்கு வருஷம் ஒப்பிடாதீங்க. பழைய பேப்பர்ல சோழவரத்தோட கொள்ளளவு 881ன்னு இருக்கும், இப்போ 1,081. அப்போ நாலு ஏரி மொத்தம் 11,057. பிறகு 11,257 ஆச்சு. கண்ணன்கோட்டை சேர்ந்து அஞ்சுக்கும் 11,757. வீராணத்தைச் சேர்த்தாத்தான் 13,222. வாட்ஸ்அப்ல "போன தடவை 60 சதவீதம், இப்போ 58"ன்னு வர்றப்ப, எதுல 60, எதுல 58ன்னு கேளுங்க. தண்ணியை ஒப்பிடணும்னா மில்லியன் கன அடியிலேயே ஒப்பிடுங்க.

அட்டவணை போடறவங்ககிட்ட எனக்கு ஒரு கோரிக்கை இருக்கு. ஏரி பேரு, முழு மட்டம், கொள்ளளவு, இன்றைய மட்டம், இருப்பு, வரத்து, வெளியேற்றம், போன வருஷம் இதே நாள். இத்தனை கட்டம் இருக்கு. இன்னும் ஒரே ஒரு கட்டம் போதும்: இந்த ஏரியோட அடித்தளத்தைக் கடைசியா அளந்த வருஷம்.